யெந்தோவும் எங்கட வினையெச்சமும்

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோட உட்காருங்க.

"வினையெச்சம் படிச்சு என்ன செய்யப் போறம் சேர்?"

தரம் 10 வகுப்பில் வருஷா வருஷம் வருகிற கேள்வி இது. கேட்கிற பிள்ளை மாறும், கேள்வி மாறாது. பெற்றோர் கூட்டத்திலும் இதே கேள்வி வேறு உடுப்பில் வரும்: "இங்கிலீஷைக் கூட்டிப் படிப்பியுங்க. தமிழ் இலக்கணம் ஆருக்கு வேணும்?" எங்கள் வீட்டில் ஒருவர் தமிழ் படிப்பிக்கிறவர், மற்றவர் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். கல்விக் கல்லூரியில் இருந்த நாள் முதல் இந்த வழக்கு எங்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நாங்கள் இருவரும் கடைசியில் ஒத்துப்போனது, ஸ்பானிஷ் மொழியின் ஒரு சின்னச் சொல்லை வைத்துத்தான். அந்தச் சொல் 'யெந்தோ'.

2020இல் ஊர் மூடிக் கிடந்த காலத்தில் சும்மா இருக்க ஏலாமல் தொடங்கிய படிப்பு. 20க்கும் மேற்பட்ட நாடுகளின் அரச மொழி, ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோக மொழிகளில் அரபோடு சேர்த்து அதுவும் ஒன்று, படித்துத்தான் பார்ப்போமே என்று இறங்கினோம். நாங்கள் பண்டிதர்கள் இல்லை. ஆனால் எங்களிடம் முன்பு படித்த தம்பி ஒருவருக்கு இது வேறு கணக்கு. அவர் அறுகம்பேயில் ஓட்டோ ஓடுகிறார். சீசனில் ஸ்பானிஷ் பேசுகிற சேர்ஃபிங்காரர் நாலு பேரோடு பேச முடிந்தால் ஓட்டம் கூடும். சாதாரண தரத்தில் அவருக்குத் தமிழுக்கு ஏ, ஆங்கிலத்துக்கு டபிள்யூ. அந்த டபிள்யூவை வைத்துக்கொண்டு, "எனக்கு மொழியே வராது டீச்சர்" என்றார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதையெல்லாம் அவர் மொழிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஃபோனில் அவர் பார்த்த ஸ்பானிஷ் பாடங்கள் எல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான் இருந்தன. ஆங்கிலக் கதவு பூட்டிக் கிடந்தால் ஸ்பானிஷ் வீட்டுக்குள் போகவே முடியாது என்று முடிவு கட்டியிருந்தார்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஸ்பானிஷில் 'போ' என்ற வினைக்கு 'ஈர்' என்று பெயர். (நமக்கு ஈர் என்றால் பேனோடு வருவது. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் பிறகு மறக்கவே மாட்டார்கள்.) அதிகம் புழங்குகிற வினைகள்தான் எந்த மொழியிலும் அதிகம் முரண்டு பிடிக்கும். இந்த ஈர் மூன்று லத்தீன் வினைகளில் இருந்து துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தது. 'போனேன்' என்றாலும் 'ஃபுயி', 'இன்னாராக இருந்தேன்' என்றாலும் அதே 'ஃபுயி'. இடம் பார்த்துத்தான் விளங்க வேண்டும்.

'போகிறேன்' என்பதற்கு அவர்கள் சொல்வது தமிழில் எழுதினால் 'போய்'. எழுத்து 'வி' என்றாலும் சத்தம் 'ப' பக்கம்தான். போ என்ற வினைக்கு 'போய்' என்றே வந்து நிற்பது தற்செயல்தான், இரண்டு மொழிக்கும் இரத்த உறவு கிடையாது. ஆனாலும் தம்பிக்கு இதைச் சொன்ன அன்று முகம் மலர்ந்துவிட்டது. குறிலில் எழுதினால் 'பொய்' ஆகிவிடும் என்பதால் நெடிலில்தான் எழுதுகிறோம்.

இனி யெந்தோ. ஸ்பானிஷ் வினைகளில் ஒரு வகைக்கு 'ஆந்தோ' ஒட்டும், மற்ற இரண்டு வகைக்கு 'இயெந்தோ' ஒட்டும். ஆப்லார், பேசு: ஆப்லாந்தோ, பேசிக்கொண்டு. கொமேர், சாப்பிடு: கொமியெந்தோ, சாப்பிட்டுக்கொண்டு. இந்த வடிவத்துக்கு ஹெருந்தியோ என்று பெயர். ஈர் என்ற வினையில் விகுதியைக் கழற்றினால் மிச்சம் ஒன்றுமே இல்லை, வேரே காணாமல் போய்விடும். 'இயெந்தோ' மட்டும் தனியே நிற்கும். சொல்லின் தொடக்கத்தில் 'இ'யும் உயிரும் அப்படி ஒட்டி வர ஸ்பானிஷ் எழுத்து முறை விடாது, 'ய' ஆக்கிவிடும். அதுதான் யெந்தோ. வாசி என்பது லெயெந்தோ ஆவதும், கேள் என்பது ஓயெந்தோ ஆவதும் இதே வழியில்தான்: இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்ட 'இ', 'ய' ஆகிறது. உடம்படுமெய் படித்த பிள்ளைக்கு இது புதினமாகவே இருக்காது.

'எஸ்தோய் யெந்தோ' என்றால் 'போய்க்கொண்டிருக்கிறேன்'. எஸ்தோய் 'இருக்கிறேன்', யெந்தோ 'போய்க்கொண்டு'. துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர் சறுக்குவதும் இங்கேதான். 'நாளைக்கு மட்ரிட் போறன்' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோயிங்' என்றுதான் சொல்வார்கள். அதைப் பார்த்து, 'நாளை' என்பதற்கான 'மஞானா'வை முன்னால் வைத்து, 'மஞானா எஸ்தோய் யெந்தோ' என்று கட்டுவார்கள். ஸ்பானிஷ் காதுக்கு அது 'நாளைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்பது போல இருக்கும். நாளைக்குப் போவதை யாராவது தமிழில் அப்படிச் சொல்வோமா? 'நாளைக்குப் போறன்' என்போம். அவர்களும் அப்படியே: 'மஞானா போய்'. நிகழ்காலத்தை வைத்து எதிர்காலத்தைச் சொல்கிற பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு.

வீட்டில் குந்தி சோறு தின்றுகொண்டிருக்கிற பிள்ளையைக் காட்டி, 'இவன் இப்ப டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கான்' என்கிறோமே, 'இந்த நாட்களில் போகிற வழக்கம்' என்ற அர்த்தத்தில்? அதற்கும் 'எஸ்தா யெந்தோ' பொருந்தும்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழும் காலை வாரும். நன்றாகக் கவனியுங்கள், ஓட்டோக்காரருக்கு முக்கியமான இடம் இது. வாடிக்கையாளர் கோல் எடுத்து "எங்க நிக்கிறீங்க?" என்றால் நாம் "வந்துகொண்டிருக்கன்" என்போம். ஆங்கிலக்காரரும் 'கமிங்' என்பார். ஸ்பானிஷ்காரர் அப்படிச் சொல்லமாட்டார். அவர்களுடைய 'வா', பேசுகிறவர் இருக்கிற இடத்தை நோக்கி மட்டுமே வரும். பேசுகிறவர் தான் இருக்கிற இடத்தை விட்டு மற்றவரிடம் போவதென்றால் அது 'போ' தான். ஆகவே 'யா போய்' என்பார்கள், சொல்லுக்குச் சொல் 'இந்தா போறன்'. உம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் பிள்ளை சொல்வதும் 'யா போய்' தான். நம் வீட்டில் உம்மா கூப்பிடும்போது 'போறன்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

தென் அமெரிக்காவில் இந்த இடத்தில் 'எஸ்தோய் யெந்தோ' என்றும் தாராளமாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் வெறும் 'போய்' தான் இயல்பு. எங்கே போனாலும் 'வா' மட்டும் வராது.

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். எங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர் தொடக்கத்தில் சொன்னது: ஆங்கிலத்தில் 'இங்' எங்கே வருகிறதோ அங்கே ஆந்தோ, இயெந்தோ போடு, வேலை முடிந்தது. தமிழ் படிப்பிக்கிறவர் கேட்டார்: 'இங்' என்றால் எது? தொழிற்பெயரா, பெயரெச்சமா, வினையெச்சமா?

ஆங்கிலத்தின் 'கோயிங்' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. 'கடற்கரைக்குப் போவது நல்லது' என்பதில் 'போவது' தொழிற்பெயர். 'பாடசாலைக்குப் போகும் பையன்' என்பதில் 'போகும்' பெயரெச்சம். 'பாடசாலைக்குப் போய்க்கொண்டே பாடினான்' என்பதில் 'போய்க்கொண்டே' வினையெச்சம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'கோயிங்' என்றே சொல்லிவிடலாம். ஸ்பானிஷில் முடியாது, அங்கே மூன்றுக்கும் மூன்று வழி.

முதலாவதுக்கு ஈர் என்ற மூல வடிவமே பெயராக நிற்கும்: 'ஈர் ஆ லா ப்ளாயா எஸ் புவேனோ'. அதில் யெந்தோவைப் போட்டால் வசனம் செத்துவிடும். இரண்டாவதுக்கு 'போகிற' என்பதை 'கே பா' என்று விரித்துச் சொல்ல வேண்டும்: 'எல் நீஞோ கே பா ஆ லா எஸ்குவேலா'. மூன்றாவது மட்டும்தான் யெந்தோவின் சொந்த இடம்: 'யெந்தோ ஆ லா எஸ்குவேலா, காந்தாபா'.

நாம் பிள்ளைகளுக்குக் கட்டம் கீறிப் பிரித்துக் காட்டுகிற மூன்று பெட்டிகளும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் மூன்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய், அங்கே இறக்கி மறுபடி பிரிக்க வேண்டும். தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர் பிரித்த சாமானோடே போகலாம்.

'போவதற்கு முன்' என்பதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் 'பிஃபோ கோயிங்'. அதைப் பார்த்து 'ஆந்தெஸ் தெ யெந்தோ' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரியானது 'ஆந்தெஸ் தெ ஈர்'. ஏன் என்று தம்பியிடம் கேட்டோம். ஒரு நிமிஷம் யோசித்தார். "'போய்க்கொண்டுக்கு முன்' எண்டு சொல்ல ஏலாதே டீச்சர். வேற்றுமை உருபு பெயரிலதானே ஒட்டும்." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆங்கில வழிப் பாடங்களில் தனியாக ஒரு விதி என்று பாடமாக்க வைக்கிற விஷயம் இது. அவர் அதைத் தமிழில் இருந்து எடுத்து வைத்துவிட்டார்.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கராக்கஸில் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த அந்திரேஸ் பெயோ என்ற அறிஞர், 1847இல் அமெரிக்கக் கண்டத்து மக்களுக்காக எழுதிய ஸ்பானிஷ் இலக்கணத்தில், ஹெருந்தியோ என்பது வினையில் இருந்து பிறந்து வினையடையின் வேலையைச் செய்வது என்றே வரையறுத்தார். வினையைத் தழுவி நிற்பது. நம் பாடப் புத்தகத்தில் வினையெச்சத்துக்கு எழுதியிருப்பதும் வேறென்ன? நன்னூல் வினையெச்சத்துக்கு 12 வாய்பாடு சொல்கிறது. ஒன்றைப் பார்த்துப் பயப்படுவானேன்.

ஸ்பானிஷுக்கு முதல் இலக்கணம் அச்சில் வந்தது 1492இல். எழுதியவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. அவர் ஹெருந்தியோவைத் தனிச் சொல்வகை என்றே எண்ணினார். கிரனாடா விழுந்த அதே வருஷம். அந்த வருஷத்தைப் படிக்கும்போது மனசுக்குள் ஏதோ செய்யும், அது வேறு கதை. ஆனால் அரபு அந்த மொழியை விட்டுப் போகவில்லை. ஆசைப்பட்டதைச் சொல்லும்போது ஸ்பானிஷ்காரர் இன்றும் முன்னால் வைக்கிற 'ஓஹலா' என்ற சொல், 'அல்லாஹ் நாடினால்' என்று பொருள்பட்ட அந்தலூஸ் அரபுத் தொடரில் இருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. தமிழின் எல்லா வினையெச்சமும் யெந்தோ ஆகாது. 'கடைக்குப் போய் சாமான் வாங்கினான்' என்பதில் 'போய்' முதலில் முடிந்த வேலை, வாங்கியது பிறகு. இதற்கு யெந்தோ வராது. 'போனான், வாங்கினான்' என்று இரண்டு முற்றாகச் சொல்லிவிடுவார்கள். யெந்தோ என்பது முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிற போதல். தமிழில் 'கொண்டு' சேர்த்துப் பாருங்கள், சேர்த்தும் பொருள் மாறாமல் நின்றால் யெந்தோவுக்கு இடம் உண்டு. அதுபோல ஹெருந்தியோவைப் பெயருக்கு முட்டுக் கொடுக்கவும் விடமாட்டார்கள் என்று சொன்னோம், அதிலும் விலக்கு உண்டு. 'கொதிக்கிற தண்ணி'யை 'அகுவா இர்பியெந்தோ' என்றே சொல்வார்கள். குசினிக்குள் இலக்கணம் நுழையாது போல.

எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். 'விலை கூடிக்கொண்டே போகுது.' 2022இல் இந்த வசனத்தைச் சொல்லாத வீடு உண்டா? இதில் 'போகுது' என்பதற்கு நடந்து போகிற பொருள் இல்லை. இங்கிருந்து முன்னோக்கி, படிப்படியாக, நிற்காமல் என்ற பொருள். ஸ்பானிஷில் 'லோஸ் ப்ரெஸியோஸ் பான் சுபியெந்தோ'. விலைகள் போகின்றன, ஏறிக்கொண்டு. இதே ஈர், இதே ஹெருந்தியோ. 'நான் இதை எத்தனை நாளா சொல்லிக்கொண்டு வாறன்' என்கிறோமே, அதில் 'வாறன்' பின்னால் இருந்து இந்த நிமிஷம் வரை வந்த தொடர்ச்சி. அவர்களும் 'வா' வினையைத்தான் வைக்கிறார்கள்: 'பெங்கோ திஸியெந்தோ'. ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வளர்ந்த இரண்டு மொழிகள், நேரத்தை ஒரு பாதையாக்கி, அதில் போவதையும் வருவதையும் ஒரே மாதிரிப் பிரித்து வைத்திருக்கின்றன. இந்த இடத்தில் எங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர் கையைத் தூக்கிவிட்டார். 'இங்' கொண்டு இதற்கு நேரான ஒரு வசனம் கட்டித் தர அவரால் முடியவில்லை, சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடிந்தது.

'இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கன்' என்பது 'சீகோ யெந்தோ'. சீகோ என்றால் 'தொடர்கிறேன்'. 'மூணு வருஷமாப் போய்க்கொண்டிருக்கன்' என்பது 'யேபோ த்ரெஸ் ஆஞோஸ் யெந்தோ'. யேபோ என்பதற்கு நேர்ப்பொருள் 'சுமந்து போகிறேன்'. மூன்று வருஷத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறார்கள்! இது தமிழில் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த 'ஆஞோஸ்' என்பதில் 'ஞ'வை 'ந' ஆக்கிவிடாதீர்கள். சபையில் சொல்ல முடியாத பொருள் வரும். 'ஞ' என்ற எழுத்தைக் கையில் வைத்திருக்கிற நமக்கு அந்தச் சத்தம் சுலபம்.

விடைபெறும்போது நம் பக்கத்தில் 'போறன்' என்று சொல்வதில்லை, 'போயித்து வாறன்' என்போம். அவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 'மே போய்' என்று நேரே சொல்லி எழும்பிவிடுவார்கள். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் இரவு நேரமாகி, கதை முடியாமல், எழும்பவும் மனமில்லாமல் இருக்கும்போது ஒரு சொல் வரும்: 'பாமோஸ் யெந்தோ'. சொல்லுக்குச் சொல் 'போய்க்கொண்டு போவோம்'. நம் வாயில் அது 'அப்ப மெல்ல வெளிக்கிடுவம்'. சொன்ன பிறகும் அரை மணித்தியாலம் வாசலில் நின்று கதைப்பது அங்கேயும் உண்டா என்று தெரிந்த யாராவது சொல்லுங்கள்.

போன கிழமை தம்பி ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார். "சேர், 'இன்னும் போய்க்கொண்டிருக்கன்' எண்டா சீகோ யெந்தோ. அப்ப 'இன்னும் போகாம இருக்கன்' எண்டா? 'போகாமல்' எதிர்மறை வினையெச்சம்தானே, அதுக்கும் யெந்தோவா?"

இல்லை. 'சீகோ சின் ஈர்'. 'இல்லாமல்' என்ற பொருளில் 'சின்' என்ற முன்னிடைச் சொல்லை வைத்து, அதற்குப் பின்னால் பெயராக ஈரை நிறுத்துவார்கள். எதிர்மறையில் எச்சத்தை விட்டுவிட்டுப் பெயருக்குப் போய்விடுகிறார்கள். அவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. "எங்கட முறைதான் நல்லம்" என்று திருப்பி அனுப்பியிருந்தார். அதற்குப் பின்னால் ஓட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

இப்போது அவரோடு இன்னும் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், இரண்டு பேர் கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறவர்கள். வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறோம். பெண் பிள்ளைகள் வருவதென்றால் உம்மாவோடோ ராத்தாவோடோ வரலாம், உள்ளே தனியாக இடம் இருக்கிறது. காசு கிடையாது. பழைய தமிழ் இலக்கணக் கொப்பி வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கரண்ட் போனாலும் வகுப்பு நடக்கும். அதற்கும் அவர்கள் 'லா லூஸ் செ ஃபுயே' என்றுதான் சொல்கிறார்கள், வெளிச்சம் போயிட்டு.